உன் பெயருக்கு நேரே நான் எழுதியது

தம்பி,

நீ தமிழை மெல்லத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதும், எட்டாம் வகுப்போடு நீ போதும் என்று நின்றதும் மறக்கவில்லை. இங்கிலிஷில் எழுதலாம்தான். ஆனால் என்னுடைய இங்கிலிஷ், வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில் யாருக்கு உப்பில்லாத சூப், யாருக்குச் சீனி போடாத தேத்தண்ணீர் என்று சொல்லத்தான் காணும். இதைச் சொல்லக் காணாது. எழுத்துக்கூட்டி என்றாலும் கடைசிவரை வாசி. நடுவில் கோபம் வரும். கோபத்தோடேயே வாசி. மூடி வைத்துவிடாதே ராசா, பெற்றவள் உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன்.

மூன்று கிழமையாக நீ என் ஃபோனை எடுக்கவில்லை. பிக்கரிங்கில் சிநேகிதனுடைய பேஸ்மென்டில் இருக்கிறாய், ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறாய், சாப்பிடுகிறாய், இவ்வளவும் அந்தச் சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். நீ பேஸ்போலை விட்டுவிட்டேன் என்று சொன்னாய். ஆனால் சனிக்கிழமை உங்கள் குழுவின் இறுதி ஆட்டம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து பிள்ளைகளைப் பார்த்து எடுக்க ஓர் ஆள் வருகிறார். உனக்குப் பத்தொன்பது வயது, வயதெல்லை தாண்டுவதால் அடுத்த வருஷம் இந்தக் குழுவில் உனக்கு இடமில்லை. அன்றைக்கு முதல் பந்திலிருந்து நடுவில், சென்ரர் ஃபீல்டில், யாரை நிறுத்துவது என்று கோச் இன்னும் முடிவு செய்யவில்லை. நீ விலகியும் அவர் உன் பெயரை வெட்டவில்லை. வெட்டாததற்குக் காரணம் நான். இந்தக் கோடை முழுக்க நீ ஆட்டத்தில் இறங்காமல் வாங்கில் குந்திக்கொண்டு இருந்ததற்கும் காரணம் நான்தான். கோச் இல்லை, நீயும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குப் பதினொரு வயது. வோபர்னில் அந்தப் பூங்கா மைதானத்தில் மற்றத் தாய்மார் மடக்குக் கதிரைகளில் இருந்து வெயிலையும் வீட்டு விலையையும் பற்றிக் கதைப்பார்கள். நான் ஓரமாக ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, யாராவது வந்து கதை கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் அப்போதிருந்த கோச், ஸ்கோர் புத்தகம் எழுத யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் தங்கள் ஃபோனைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். ஆட்டத்தில் இருந்த ஆசையால் இல்லை. எழுதுகிற ஆளோடு யாரும் கதைக்க வரமாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான். பிறகு பார்த்தால் அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பந்து எறிகிறவன் ஒன்று, அவனுக்கு முன்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன் இரண்டு, தூரத்தில் நிற்கிற மூன்று பேரில் இடது ஏழு, நடு எட்டு, வலது ஒன்பது. ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்துவிட்டு மரக்கறி வெட்டுகிறவளுக்கு, இருபது வருஷம் கழித்துக் கட்டம் போட்ட தாள் ஒன்று கையில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு நான் ஆட்டத்தை விளங்கப்படுத்துவேன். "கிரிக்கெட்டில எல்பிடபிள்யூ எண்டா என்னெண்டு கேட்ட மனுசி, இப்ப எனக்குப் பேஸ்போல் படிப்பிக்கிறா" என்று அவர் உன்னிடம் சொல்லிச் சிரித்தது உனக்கும் நினைவிருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுகிற ஆளின் கையில் இருக்கிறது. நீ அடித்துவிட்டு ஓடி முதல் பேஸுக்குப் போய்ச் சேருகிறாய் என்று வை. அது உன் அடியின் கெட்டித்தனமா, பிடிக்க வேண்டிய பிள்ளை தவறவிட்டதா? கெட்டித்தனம் என்றால் ஹிட். தவறவிட்டது என்றால் எரர். எரர் என்று எழுதினால், நீ ஓடிச் சேர்ந்தது சேர்ந்ததுதான், ஆனால் உன் சராசரியில் அது அவுட்டானது போலத்தான் ஏறும். பல பந்துகள் இரண்டுக்கும் நடுவில் வரும். பார்த்து ஒன்றை முடிவு செய்ய வேண்டியது என் வேலை. தொடக்கத்தில் நான் பார்த்தபடியே எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அடித்த பந்து ஒரு பிள்ளையின் கையுறையில் பட்டுத் தெறித்தது. அவ்வளவு வேகம். நான் ஹிட் என்று எழுதினேன். பின்னால் இருந்து எட்டிப் பார்த்த ஒரு அன்ரி, எங்கட தமிழ் ஆள்தான், "சொந்தப் பிள்ளைக்கு எழுதேக்குள்ள பென்சில் தானா ஓடும் என்ன?" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அழிறப்பரை எடுத்து அழித்துவிட்டு எரர் என்று எழுதினேன்.

அன்றைக்கு ஒரு தரம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த கிழமையும் அப்படி ஒரு பந்து வந்தது, அன்றும் எரர். மற்றப் பிள்ளைகள் அடித்தால் தாராளமாக ஹிட். என் மகன் அடித்தால் எரர். யாரும் என்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்ற நிம்மதி இருந்தது பார், அது ஒரு கெட்ட நிம்மதி. இன்னொரு மூடத்தனமும் சேர்ந்துகொண்டது. உன் அப்பாவின் வாய் உனக்குத் தெரியும். ஒரு பிறந்தநாள் விழாவில் மண்டபத்தில் பாதிப் பேர் கேட்க, "எங்கட ஆள் அடிச்சா பந்து வேலிக்கு அங்காலதான் போய்த் தேடோணும்" என்று சொல்லிவிட்டார். நான் மேசைக்குக் கீழே அவரின் காலை மிதித்தேன். அது போதவில்லை. அடுத்த கிழமை நீ பேஸுக்குச் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வெடித்தது. கண்பட்டுவிட்டது என்று செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து உனக்கு நாவூறு கழித்து அடுப்பில் போட, ஸ்மோக் அலாரம் கத்த, நீ மாக்கட்டுப் போட்ட கையோடு விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தில் உன்னைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உனக்கு நல்லது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

உனக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. சுவரில் இருக்கிற படம் உன் மாமாவினது என்று தெரியும், எப்படிப் போனார் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அண்ணா நல்லாய் ஓடுவார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மூன்று ஓட்டத்தில் முதலாவதாக வந்து, ஒலிபெருக்கியில் அவர் பெயரை மூன்று தரம் சொன்னார்கள். அம்மா அழுதா, சந்தோஷத்தில். ஒரு மாதத்துக்குள் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். யார் வந்தார்கள் என்று இப்போது எழுதி என்ன, அந்த நேரம் வராத ஆட்கள் இல்லை. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டார்கள். கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பற்றி யாரும் நல்லது சொல்வதில்லை. எனக்குக் கணிதத்தில் அதிவிசேட சித்தி, அதுதான் ஆகக் கூடின தரம், வந்தபோது, "ஏதோ பாஸ் பண்ணிட்டாள்" என்றுதான் அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னா. இதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்பு வாங்க வரவில்லை. இது ரொறன்ரோ, அது வேறு நாடு, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். என் கை அப்படிப் பழகிவிட்டது.

அடிக்கிறதில் மட்டும் இல்லை, பிடிக்கிறதிலும் செய்தேன். இதுதான் பெரிய பாவம். பந்து மட்டையில் பட முன்னமே நீ காலை எடுத்துவிடுவாய். மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய்க் கிட்டவும் நிற்கமாட்டாத பந்துக்கு நீ போய்ச் சேருவாய். சிலது கையுறையின் நுனியில் பட்டு விழும். கிட்டப் போகாதவனுக்குப் புத்தகத்தில் ஒரு பிழையும் இல்லை. போய்த் தொட்டவனுக்கு எரர் எழுதலாம். எழுதக்கூடாது, அது அடித்தவனுக்கு ஹிட் என்றுதான் எழுத வேண்டும், நான் படித்த விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. நான் உனக்கு எரர் எழுதினேன். நீ வேகமாக ஓட ஓட உனக்குப் பிழை கூடிக்கொண்டு போனது. ஆனால் உண்மையை முழுதாக மறைக்க என்னால் ஏலவில்லை. ஹிட் என்று எழுதியிருக்க வேண்டிய ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். யாருக்காக வைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த நாட்களில் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. பழைய கோச் கண்ணால் பார்த்து ஆளை நிறுத்துகிறவர். உன்னை நடுவில் நிறுத்தினார், நீயும் பறந்தாய். நான் எழுதுவதால் உனக்கு ஒரு குறையும் வரவில்லை என்று இருந்தேன். போன மாரியில், பனி கொட்டுகிற நேரம், அவர் விலகி இந்தப் புதுக் கோச் வந்தார். நல்ல பிள்ளை, உன்னைவிட ஒரு பத்து வயது மூப்பு இருக்கும். கடைசி நாலு வருஷப் புத்தகங்களையும் என்னிடம் வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் தன் டாப்லெட்டில் ஏற்றிவிட்டுத் திருப்பித் தந்தார். எவ்வளவு துப்புரவாக எழுதியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வசந்தத்தில் முதல் ஆட்டத்துக்கு ஆட்களின் பட்டியலைத் தந்தார். அதில் இருந்த எண்களைப் பார்த்து, சென்ரர் ஃபீல்டில் ரயனை நிறுத்தியிருந்தார். உன் பெயர் கோட்டுக்குக் கீழே, தேவைப்பட்டால் இறக்குகிற ஆட்களோடு. என் கையாலேயே புத்தகத்தில் அப்படி எழுதினேன். கோடை முழுக்க எழுதினேன்.

ஏன் அன்றைக்கே போய்ச் சொல்லவில்லை? இதைத்தான் நீ கேட்பாய். முதல் கிழமை வெட்கம். ஒரு கட்டம் பொய் என்று சொன்னால் முழுப் புத்தகத்தையும் சந்தேகப்படுவார்கள், எட்டு வருஷம் அந்தக் கதிரையில் மதிப்போடு இருந்தவள் நாளைக்கு எந்த முகத்தோடு போய் இருப்பது என்று யோசித்தேன். இரண்டாம் கிழமை, ரயன் இரண்டு ஆட்டம் சொதப்பினால் தானாக உன்னை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். அவன் சொதப்பவில்லை. அதற்குப் பிறகு வந்ததை எழுதக் கை கூசுகிறது. வாங்கில் இருந்தால் அடி படாது, அமெரிக்காவுக்கும் போகமாட்டான், படிப்பான், வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன். என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருப்பதைப் முப்பது அடி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு அப்படி நினைத்தேன். என்னை நீ என்ன சொன்னாலும் தகும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காரில் வரும்போது நீ கேட்டாய். மார்க்கம் வீதியில் சிவப்பு லைட்டில் நின்றோம். "அம்மா, நீங்கள்தானே புக் எழுதுறீங்கள். சும்மா சொல்லாம ஹானஸ்ட்டா சொல்லுங்கோ. நான் ரியலி அவ்வளவு மோசமா?" என்று கேட்டாய். என் வாய்க்குள் வந்தது தம்பி. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், நீ காரை எடுத்தாய். நான் "கோச்சுக்குத் தெரியும்தானே அப்பன்" என்று சொன்னேன். வீடு வரும்வரை ரேடியோ மட்டும் பாடிக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாகப் புத்தகத்தில் எழுதின எல்லாப் பொய்யையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு வாக்கியம்தான் பாரம்.

பிறகு நீ பையைக் கொண்டுவந்து மாபிள் தரையில் போட்டுவிட்டு, விட்டுவிட்டேன் என்றாய். நான் என்ன சொன்னேன்? "சரி, இனிப் படிப்பைப் பார்" என்றேன். என் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும், நீ அதைப் பார்த்துவிட்டாய். "நீங்கள் ஹாப்பி, என்ன?" என்று கேட்டாய். அதைச் சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மெல்லக் கேட்டாய். அன்றைக்குப் பின்னேரமே உடுப்பை எடுத்துக்கொண்டு பிக்கரிங்குக்குப் போய்விட்டாய். நீ போன அடுத்த நாள் உன் அறையைக் கூட்டப் போனேன். மேசையில் ஒரு கொப்பி கிடந்தது. உன் ஹிட்டையும் எரரையும் நீயே கூட்டிப் பார்த்து, எங்கே பிழை விடுகிறேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். கால் வைக்கிற விதம் பிழை, கண் பிழை, பயப்படுகிறேன் போல இருக்கிறது என்று இங்கிலிஷில் எழுதியிருந்தாய். உன்னில் இல்லாத பிழைகளை நீ தேடியிருக்கிறாய். நான் அந்தக் கட்டிலில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நான் கோச்சிடம் போனேன். நாலு புத்தகத்தையும் துணிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை இங்கிலிஷில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பயிற்சிக்கு முதல் மைதானத்தில் தனியாகக் கோடு போட்டுக்கொண்டு நின்றார். நான் பிழையாக எழுதியிருக்கிறேன் என்றேன். கூட்டலில் விட்ட பிழை என்று நினைத்து, பரவாயில்லை என்று சிரித்தார். இல்லை, என் மகனைக் குறைத்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, பக்கம் பக்கமாகத் திருப்பிப் புள்ளிகளைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்னது இதுதான், எனக்கு விளங்கின தமிழில் எழுதுகிறேன்: "நான் எந்த அம்மாவை நம்ப வேண்டும்? இதை எழுதிய அம்மாவையா, இன்றைக்கு வந்து நிற்கிற அம்மாவையா? இந்தப் புள்ளியை நீங்கள் நேற்று வைத்திருந்தாலும் எனக்குத் தெரியாது." கோபமாகச் சொல்லவில்லை. பாவம் பார்த்துத்தான் சொன்னார். மகனுக்காக எழுதுகிற தாய் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதானே எட்டு வருஷம் உன்னைக் குறைத்தேன். கடைசியில் உண்மையைச் சொல்லப் போன இடத்தில் அதே பேரைத்தான் வாங்கினேன்.

நான் கெஞ்சினேன் தம்பி. வெட்கத்தைப் பார்க்கவில்லை. என் இங்கிலிஷ் முடிந்துபோய்த் தமிழிலும் கெஞ்சினேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது, ஆனால் என்னை இருத்தித் தண்ணீர் தந்தார். ரயனை ஒரு தாயின் சொல்லுக்காக இறுதி ஆட்டத்தில் வெளியே இருத்த முடியாது, அவனும் கோடை முழுக்க உழைத்தவன் என்றார். அது நியாயம். ரயனின் தாய் எனக்குப் பக்கத்துக் கதிரைதான், வெயில் நேரத்தில் தன் குடையைப் பாதி எனக்குப் பிடிக்கிற மனுசி. அவளின் பிள்ளையை இருத்து என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. பிறகு கோச் சொன்னார்: வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கடைசிப் பயிற்சி. இரண்டு பேரையும் மாறி மாறி நடுவில் நிறுத்தி நானே பந்து அடிப்பேன். டாப்லெட்டைத் திறக்கமாட்டேன். கண்ணால் பார்த்து முடிவு செய்வேன். ஆனால் அவன் வரவேண்டும், வராவிட்டால் பட்டியல் இருக்கிறபடி போகும். இன்னொன்றும் சொன்னார். நான் மைதானத்துக்கு வரக்கூடாது, புத்தகத்தை இனி வேறு ஆள் எழுதும். நான் பென்சில் பெட்டியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் சொன்னேன். மிசிசாகாவில் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றார். சொல்லி முடிக்கும்வரை ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். பெருமை பேசுகிறவர் என்று எத்தனை தரம் அவரைக் காலில் மிதித்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் உண்மையாக இருந்தது. "பிள்ளை தன்னை நம்பாமப் போக விட்டிட்டியே" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு சாப்பிடவில்லை. காலையில் வியாழக்கிழமைக்கு லீவு கேட்டு வேலைக்கு ஃபோன் பண்ணிக்கொண்டு நின்றார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். என்னை மன்னி என்று இதில் கேட்கவில்லை. அதற்கு நீ எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி. என்னோடு கோபம் என்றால் கோபத்தை வைத்துக்கொள், ஆனால் அந்தக் கோபத்தை உன் ஆட்டத்தில் காட்டாதே. இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. நீ போகாமல் விட்டால், நான் எழுதின பொய் உன் வாழ்க்கையில் உண்மையாகிவிடும். போய் நில். ரயன் உன்னைவிட நல்லாய்ப் பிடித்தால் சனிக்கிழமை அவனே நிற்கட்டும், நீ வாங்கில் இருந்து அவனுக்குக் கை தட்டு. அது விளையாட்டில் வருகிற தோல்வி, அதைத் தாங்கலாம். இதுவரை நீ அவனிடம் தோற்கவே இல்லை. வீட்டுக்குள் இருந்த என்னிடம்தான் தோற்றாய். உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும். அது நல்லாய்ச் செய்தால் நல்லாய்ச் செய்தாய் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லு, யார் பார்த்தாலும், யார் கேட்டாலும். உனக்கு வேறு புத்தி சொல்ல எனக்கு இனி வாயில்லை.

நீ காரில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ மோசமில்லை. நீ கெட்டிக்காரன். ஒரு பந்து விடாமல் எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள் நான், வேறு யாருக்கும் இதைச் சொல்ல என்னளவு உரிமை இல்லை. அந்த மைதானத்தில் நான் பார்த்த அத்தனை பிள்ளைகளிலும் நீதான் திறம். பத்தொன்பது வருஷத்தில் இதை உனக்கு நான் ஒரு தரமும் சொன்னதில்லை.

கடிதத்தை அப்பா கதவடியில் உன் கையில் தந்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியிருப்பார். போய்விட்டார் என்று நினைத்திருப்பாய். அவர் போகவில்லை. வீட்டுக்கு முன்னால் ரோட்டுக்கரையில் காருக்குள் இருக்கிறார். நீ இருக்கிற பேஸ்மென்டின் சின்ன ஜன்னலால் அது தெரியாது. உன் பை காரின் பின்பக்கத்தில் இருக்கிறது, கையுறை, சப்பாத்து, தொப்பி எல்லாம் வைத்திருக்கிறேன். இதை நாலு மணிக்குத் தந்திருந்தால், நீ மெல்ல வாசித்து முடிக்க ஐந்தாகும். இன்னும் நேரம் இருக்கிறது. அவர் ஹோர்ன் அடிக்கமாட்டார், உள்ளே வந்து கூப்பிடவும் மாட்டார், உன்னை ஒன்றும் கேட்கவும் மாட்டார் என்று எனக்குச் சத்தியம் பண்ணித் தந்திருக்கிறார். நீ வராவிட்டால் இருட்டும்வரை அப்படியே இருப்பார். எழும்பு ராசா. படியேறி மேலே வா.

அம்மா